குரோம்பேட்டை என்ற பெயரில் என்ன குறை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 1981-ல் கல்யாணமாகி குரோம்பேட்டைக்கு வந்தவள். தொலைபேசித் துறையில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டம். லிஃப்ட் பராமரிப்பு, தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாம் பேசி முடித்ததும் ஒருவர் எழுந்து, ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லி மனு போடலாமா என்று கேட்டார். தோல் கம்பெனி பெயரில் ஊர் இருந்தால் ஃபிளாட்டை விற்கும்போது விலை போகாதாம். பக்கத்தில் இருந்தவர், "வெள்ளைக்காரன் வைத்த பேர்தானே" என்று ஒத்து ஊதினார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த ஞாபகத்தில் நான் அப்போது ஒன்றும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பெயர்க் கதை. நாலாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி, கூகுள் குரோம் வந்த பிறகுதான் ஊருக்கு இந்தப் பெயர் வைத்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பெரியவர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. நம் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் ஊறப்போட்டுத்தான் தோலைப் பதப்படுத்துவார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோம் உப்பில், அதாவது குரோமியம் என்ற உலோகத்தின் உப்பில் போட்டால் சில நாட்களில் வேலை முடிந்துவிடும், தோலும் தண்ணீருக்குத் தாங்கும். 1900-களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்பவர் சென்னையில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது, அதில் செய்து பார்த்த பொருட்களில் ஒன்று கவலைத் தோல். மாடு கட்டிக் கிணற்றில் நீர் இறைக்கிற அதே கவலைதான். அப்புறம் 1912-ல் ஜார்ஜ் அலெக்சாண்டர் சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டி குரோம் லெதர் கம்பெனியை ஆரம்பித்தார். அதைச் சுற்றி வளர்ந்த பேட்டை, குரோம்பேட்டை.

வெள்ளைக்காரன் வைத்த பேர் என்கிறவருக்கு ஒன்று சொல்கிறேன். சேம்பர்ஸ்பேட்டை என்றா ஊருக்குப் பெயர்? இங்கே நடந்த வேலையின் பெயர்தான் ஊருக்கு நின்றிருக்கிறது. நெசவாளர்களைக் குடியேற்றிய இடம் சின்னத் தறிப் பேட்டை, சிந்தாதிரிப்பேட்டை ஆனது. அதே வழக்கம்தான் இங்கேயும். அடுத்த ஸ்டேஷனைப் பாருங்கள், தாம்பரம் சானடோரியம். காசநோய் ஆஸ்பத்திரியின் பெயர். 1928-லிருந்து எத்தனை ஆயிரம் பேர் அங்கே இருமிக்கொண்டு போய் இறங்கியிருப்பார்கள்! அந்தப் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. தோல் என்றதும்தான் நமக்கு மூக்கு சுளிக்கிறது. காரணம் நாற்றம் மட்டுமில்லை என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அந்த வேலையை யார் செய்தார்கள் என்பதில்தான் நமக்கு உறுத்தல்.

எங்கள் தெருக் கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். கம்பெனியில் தோல் பதனிட்டவர். நான் வந்த புதிதில் ஒருநாள், 7.40 வண்டியைப் பிடிக்க ஓடும்போது செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழாத குறை. அவர் அந்த வாரை வாங்கி, அறுந்த முனையைக் கத்தியால் லேசாகச் சீவி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். மேலே பழுப்பு, கீழே பழுப்பு, நடுவில் மெல்லிசாக ஒரு சாம்பல் நீலக் கோடு. "பாத்தியாம்மா, நடுவுல நீலம் ஓடுது பாரு. அதான் குரோமு. அதான் நம்ம ஊரு" என்றார். அவருடைய கட்டைவிரல் நகம் கறுத்துத் தடித்திருந்தது. ஊசி நூலால் இரண்டே தையல் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. வண்டி போய்விட்டது. பரவாயில்லை, அடுத்ததில் போனேன்.

அந்த வண்டியும் இந்த ஊரின் கதையில் பாதி. பீச்–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே வந்துவிட்டதால்தான் மாதச் சம்பளக்காரர்கள் இங்கே மனை வாங்கத் துணிந்தார்கள். 2004-ல் கடைசி மீட்டர் கேஜ் வண்டி போகும்வரை என் காலை நேரம் அந்த லேடீஸ் பெட்டியில்தான் கழிந்தது. கீரை ஆய்ந்தபடியே வருவோம், பல்லாவரத்தில் ஏறுகிறவளுக்கு இடம் பிடித்து வைப்போம். அந்தப் பக்கம் எம்.ஐ.டி., அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி. 1949-ல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தைப் போட்டு ஆரம்பித்த கல்லூரி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். அவர்கள் இறங்கிய ஸ்டேஷனிலும் இதே பெயர்தான் எழுதியிருந்தது. அவர்களுக்கு ஒரு குறையும் வந்ததாகத் தெரியவில்லை.

பெருமை மட்டும் பேசினால் பொய்யாகிவிடும். நாகல்கேணிப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது உண்மை. அங்கே இருந்த என் சிநேகிதி குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வருவாள். இப்போது எங்கள் கிணறும் மூடிக் கிடக்கிறது. அதற்குக் காரணம் தோல் இல்லை, சுற்றிலும் எழும்பிய மாடிகளும் ஆளுக்கொரு போர்வெல்லும்தான். ஏரிகளையும் தண்ணீர் ஓடும் வழிகளையும் அடைத்து வீடு கட்டினோம். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். வீட்டு விலை குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள் முதலில் இதற்கு மனு போடலாம்.

2021-ல் பல்லாவரம் நகராட்சியோடு நாங்களும் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டோம். விளம்பரங்களில் எங்கள் தெருவை ஏதேதோ ஸ்டைலான பெயரில் விற்கிறார்கள். விற்கட்டும். ரயில் நிலைய முதல் பிளாட்பாரத்தில், டிக்கெட் கவுன்டர் பக்கம் ஒரு சின்னப் பலகை வைத்து, இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று தமிழில் நாலு வரி எழுதினால் போதும். ரயில்வேயும் மாநகராட்சியும் மனது வைத்தால் ஒரு வாரத்து வேலை.

வருகிற ஞாயிறு மறுபடி கூட்டம். அந்தச் செருப்பு வார் மரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நியூ காலனி, குரோம்பேட்டை