புழல் ஏரியின் அடியையும் அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புழல் ஏரியின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, முழு உயரம் 21.20 அடி என்பதெல்லாம் வடசென்னையில் பலருக்கு மனப்பாடம். உபரிநீர்க் கால்வாய் வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகத்தான் கடலை நோக்கிச் செல்கிறது என்பதால், நாளிதழ்களில் வரும் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் மழைக்காலத்தில் வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றுகிறோம். ஆனால் அதே ஏரியின் அடியில் என்ன வளர்கிறது, எது அழிகிறது என்ற கணக்கு எங்கள் பார்வைக்கு வருவதேயில்லை.

ஆகாயத்தாமரை மிதப்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது. அகற்றச் சொல்லிக் கேட்கவும் முடிகிறது. நீருக்குள்ளேயே வாழும் வேலம்பாசி போன்றவற்றைக் களை என்று ஒதுக்குவது சரியல்ல. மீனவர் வலையில் சிக்கி வரும் ஒரு பிடி பாசியை உதறிப் பார்த்தால், சிறு நத்தைகளும் கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகளும் உதிர்கின்றன. இச்செடிகள் அடிச்சேற்றைக் கலங்காமல் பிடித்துவைக்கின்றன. கழிவுநீரோடு வரும் சத்துகளையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கின்றன. அவை அழிந்தால் அந்தச் சத்துகளை உண்டு நுண்பாசி பெருகி, நீர் பச்சையாகி, வெளிச்சம் அடிவரை இறங்காமல், மிச்சமுள்ள செடிகளும் மடியும். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரியில் இது நேர்ந்தால் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் சுமை.

நீர்மட்டத்தையும் செடிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருப்பதும் இந்த வெளிச்சத்தால்தான். ஆழம் கூடி, கலங்கலும் நீடித்தால் செடிகள் இருட்டில் வாடும். மட்டம் ஒரேயடியாக இறங்கினால் கரையோரத்தில் காய்ந்து கருகும். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஒக்கிசோபி மிகப் பெரிய ஏரியானாலும் அதன் சராசரி ஆழம் சுமார் 9 அடிதான். 2004, 2005ஆம் ஆண்டுப் புயல்கள் அதன் அடிச்சேற்றைக் கலக்கியதில் நீரடிச் செடிகள் பெருமளவு அழிந்தன. தொடர்ந்து அளந்து வந்ததால்தான் அந்த இழப்பை அவர்களால் கணக்கிட முடிந்தது. நம் ஏரிகளோ 2019 கோடையில் வறண்டே போயின. அதன்பின் எந்தச் செடி திரும்பி வந்தது, எது வரவில்லை என்று கேட்டால் எந்த ஆவணத்தைப் புரட்டுவது?

இதற்குப் பெருஞ்செலவு ஆகாது. ஏரியில் சில இடங்களை ஜிபிஎஸ் கொண்டு நிலையாகக் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் ஆழத்தை அளந்து, நீரின் தெளிவை அறியக் கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை இறக்கி அது எத்தனை அடி ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறித்து, கயிறு கட்டிய பல்வாரியை ஏரியின் அடியில் இழுத்து, அதில் சிக்கி வரும் செடிகளை இனம் பிரித்து எழுதினால் போதும். படகும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். கல்லூரித் தாவரவியல் துறைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஒருமுறை, மழை ஓய்ந்து நீர் தெளிந்தபின் ஒருமுறை என ஆண்டுக்கு இருமுறையாவது நீர்வளத் துறையும் சென்னைக் குடிநீர் வாரியமும் இணைந்து இந்த அளவீட்டைப் புழலில் தொடங்க வேண்டும். அடுத்து சோழவரத்துக்கும் ரெட்டேரிக்கும் விரிவாக்க வேண்டும். முடிவுகளைக் கோப்பில் முடக்காமல் வெளியிட வேண்டும். அவற்றைத் தங்கள் நாளிதழ் நீர்மட்ட அட்டவணையின் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மாதவரம், சென்னை.