பட்லருக்கு எவ்வளவு கொடுப்பது? சரோஜாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சரோஜா,

இங்கு எல்லோரும் நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் என்று நீ நினைத்திருப்பாய். அது கோபம். எதன் மேல் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

முதலில் மகிழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் இருவரும் சேர்ந்து உங்களுக்குக் கப்பல் பயணம் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள், அதுவும் அறைக்கே வந்து தேவைகளைக் கவனிக்கும் பட்லரின் பணிவிடையோடு கூடிய பெரிய அறையில். "அந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், அவருக்கு அன்பளிப்பாக எவ்வளவு கொடுப்பது?" என்று நீ கேட்டிருந்ததைப் படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தேன். உன்னை எனக்குத் தெரியாதா? அவர் கதவைத் தட்டுவதற்கு முன்பே நீ படுக்கையை உதறி விரித்து, குளியலறையைத் துடைத்துவிட்டு, வந்தவரை உட்காரச் சொல்லி, சாப்பிட்டாயிற்றா என்று விசாரிப்பாய். உன் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. சுந்தரியின் கல்யாணத்தில் பந்தி பரிமாற வந்தவர்களை அவர் பாடாய்ப் படுத்தியதை நான் இன்னும் மறக்கவில்லை. அவர்களும் மறந்திருக்க மாட்டார்கள். நீங்கள் இருவரும் ஒரே பட்லரிடம் அகப்படுவது, அல்லது அவர் உங்கள் இருவரிடமும் அகப்படுவது, எப்படி முடியுமோ என்று, கப்பலில் பட்லராக இருக்கும் என் மகன் கதிரிடம் தொலைபேசியில் சொன்னேன். "சரோஜா சித்தியைச் சமாளிப்பதுதான் கஷ்டம்" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். "தினமும் கணக்கில் ஏறும் சேவைக் கட்டணத்தை முதல் நாளே ரத்து செய்துவிட்டு, அந்தப் பணத்தை அப்படியே பட்லர் கையில் கொடுத்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார், நேரடியாகக் கொடுப்பதுதானே நியாயம்" என்று எழுதியிருந்தாய். கப்பலில் பட்லராக வேலை பார்க்கும் பிள்ளையைப் பெற்றவளிடம் இதைச் சொன்னால் குளிர்ந்துபோவாள் என்று எதிர்பார்த்தாயோ என்னவோ. நான் குளிரவில்லை.

அந்தக் கட்டணம் எதற்காக என்று உன் வீட்டுக்காரர், என் அண்ணன் முறைக்காரர், கொஞ்சம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பெரிய கப்பல் நிறுவனங்கள் பலவும் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைப் பயணியின் கணக்கில் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. சாதாரண அறைகளுக்கு அது பெரும்பாலும் 16 முதல் 20 டாலர் வரை இருக்கும். உங்களுடையதைப் போன்ற அறைகளுக்கு அதற்கும் மேல். அந்தப் பணம் ஒரு பொதுத் தொகுப்பில் சேர்ந்து பலருக்குப் பிரிகிறது. உங்கள் அறையைத் துப்புரவு செய்கிற ஸ்டூவர்ட், அவருடைய உதவியாளர், உணவுக்கூடத்தில் பரிமாறுகிறவர்கள் ஆகியோரை நீங்கள் பார்ப்பீர்கள். பல நிறுவனங்களில் அதே தொகுப்பிலிருந்து பங்கு பெறும் இன்னும் பலரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. கதிர் தன் முதல் ஒப்பந்தத்தில் கப்பலின் அடித்தளத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான் என்பது உனக்குத் தெரியும். அந்த மாதங்களில் ஒரு பயணியின் முகத்தைக்கூட அவன் கண்டதில்லை. யாரும் அவனைத் தேடிக் கீழே இறங்கி வந்து கையில் பணம் கொடுத்ததுமில்லை. அப்போது அவன் வீட்டுக்கு அனுப்பியதில் கணிசமான பகுதி அந்தத் தொகுப்பிலிருந்து வந்ததுதான். அடிப்படைச் சம்பளம் மட்டும் என்றால் அவன் இரண்டாம் முறை கப்பல் ஏறியிருக்கவே மாட்டான்.

இன்னொன்றும் உண்டு. கட்டணத்தை ரத்து செய்த பயணி கையில் கொடுக்கும் பணத்தைப் பணியாளர் தொகுப்பில் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சில கப்பல்களில் விதி இருக்கிறது. அத்தகைய கப்பலில் அண்ணனின் ஏற்பாட்டால் பட்லருக்கு வாய்ப்பது, உறையை வாங்கி மேலாளர் மேசையில் கொண்டுபோய் வைக்கும் வேலை ஒன்றுதான்.

அதற்காக நிறுவனங்களுக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன் என்று எண்ணிவிடாதே. கூலியைப் பயணச்சீட்டு விலையிலேயே சேர்த்துச் சம்பளமாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். முடியாத காரியமும் இல்லை. பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூஸஸ் 2019 மே மாதத்திலிருந்து தினசரிக் கட்டணத்தைத் தனியாகப் பிடிப்பதை நிறுத்திவிட்டது. சில்வர்சீ, ரீஜென்ட், சீபோர்ன் போன்ற ஆடம்பர நிறுவனங்களில் அன்பளிப்பு பயணக் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. ஆனால் எல்லா நிறுவனங்களும் அந்த வழிக்கு வரும்வரை, முறை பிடிக்கவில்லை என்று சொல்லிப் பயணி தன் பங்கை வெட்டினால், அந்த வெட்டு விழுவது கழுவுகிறவன் மேலும் துடைக்கிறவன் மேலும்தான். நிறுவனத்துக்குப் பெரிய நட்டமில்லை. எதிர்ப்பு இருந்தால் அண்ணன் நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு கடிதம் எழுதட்டும். அவருக்கு அது கைவந்த கலைதான். கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இனி பட்லர். இத்தனை விவரம் எழுதிய நீ, எந்த நிறுவனத்தின் கப்பல் என்பதை மட்டும் எழுதவில்லை. எல்லாமே அதைப் பொறுத்ததுதான். சில்வர்சீ என்றால் ஒவ்வோர் அறைக்கும் பட்லர் உண்டு, அன்பளிப்பைப் பற்றி நீ கவலைப்படவே தேவையில்லை. ரீஜென்டில் உயர்வகை அறைகளுக்கு மட்டும் பட்லர். குனார்டு கப்பல்களில் குவீன்ஸ் கிரில் அறைகளுக்கும், எம்எஸ்சி நிறுவனக் கப்பல்களில் யாட் கிளப் பகுதிக்கும் உண்டு. ராயல் கரீபியனின் ஸ்டார் கிளாஸ் அறைகளில் இந்த வேலையைச் செய்பவருக்கு ராயல் ஜீனி, அதாவது அலாவுதீன் கதையில் வரும் விளக்குப் பூதம், என்று பெயர். அது உங்கள் கப்பலாக இருந்தால் அண்ணன் விளக்கைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். நார்வீஜியன் நிறுவனத்தின் கதை வேறு. பட்லரும், முன்பதிவு போன்ற ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்ளும் கன்சியர்ஜும் சில பயணிகளுக்கு மட்டுமே பணிபுரிகிறவர்கள் என்பதால் பொதுச் சேவைக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்றும், நல்ல பணிக்கு அவர்களைத் தனியே கவனிக்கும்படியும் அந்த நிறுவனமே சொல்லிவந்திருக்கிறது. ஆகவே தொகுப்பில் பட்லர் இருக்கிறாரா, இல்லையா என்பதைப் பிள்ளைகளை விட்டுப் பதிவு செய்த இடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடு. அங்கு பதில் கிடைக்காவிட்டால் கப்பலேறியதும் விருந்தினர் சேவை மேசையில் கேட்கலாம். பட்லரிடமே மட்டும் கேட்காதே. அவர் என்ன பதில் சொன்னாலும் அவருக்குச் சங்கடம்.

எவ்வளவு என்று கேட்டாய். அவர் தொகுப்பில் இல்லாத கப்பல் என்றால், ஓர் அறைக்கு நாளொன்றுக்கு 5 டாலரிலிருந்து 20 டாலர் வரை கொடுக்கும் வழக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இடைவெளி பெரிதுதான், ஆனால் பட்லரிடம் பெறும் பணியிலும் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. காலையில் காபியும் மாலையில் சிற்றுண்டித் தட்டும் வாங்கிக்கொள்வதோடு சரி என்றால் கீழெல்லை போதும். எல்லா வேளையும் அறைக்கே உணவு வரவழைத்து, துணிகளுக்கு இஸ்திரி போடச் சொல்லி, நிரம்பிய உணவகத்தில் இடம்பிடித்துத் தரச் சொல்லி, படகில் கரைக்குப் போகும்போது வரிசையில் நிற்காமல் அழைத்துப்போகவும் சொல்லியிருந்தால் மேலெல்லைக்குப் போக வேண்டும். அண்ணனின் சுபாவத்தை வைத்துப் பார்த்தால் மேலெல்லையையும் தாண்ட வேண்டியிருக்கலாம். ஒரு விஷயத்தில் மட்டும் குழம்பிவிடாதீர்கள்: உணவகத்தில் பில் தொகைக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று வைப்பதைப் போல, பயணச்சீட்டு விலைக்குக் கணக்கிடாதீர்கள். அந்த விலை அறைக்கும் கடலுக்கும் கொடுத்தது. மதுக்கூடத்திலும் ஸ்பாவிலும் 18 அல்லது 20 சதவீதம் பில்லிலேயே ஏறியிருக்கும்; பார்க்காமல் அங்கு இரண்டாம் முறை கொடுத்துவிட்டு, பிறகு பட்லரிடம் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.

முதல் நாளே பாதியைக் கொடுத்துவிட்டால் நன்றாகக் கவனிப்பார்கள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். கதிருக்கு அது பிடிப்பதில்லை. முன்பணம் வாங்கிய பிறகு மற்ற அறைக்காரரைக் கவனிக்க அரைமணி தாமதமானால்கூட மனது உறுத்துகிறது என்கிறான். அதை விரும்பும் பட்லர்களும் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் எண்ணத்தில் கப்பலிலிருந்து இறங்குவதற்கு முந்தின நாள் மாலைதான் உரிய நேரம். இறங்கும் நாள் காலை வேண்டாம். அன்று அறைகளைக் காலி செய்து அடுத்த கூட்டத்துக்கு ஆயத்தமாக்கும் ஓட்டத்தில் அவர் கண்ணில் படமாட்டார். டாலர் நோட்டுகளாக உறையில் இட்டு, இரண்டு வரி எழுதி, கையிலேயே கொடு. நாணயங்கள் வேண்டாம், மாற்றுவது பெரும்பாடு. மீந்துபோன தின்பண்டங்களையும் பாதி தீர்ந்த புட்டிகளையும் பரிசென்று கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். நீ அப்படிச் செய்யமாட்டாய் என்றாலும், பாசத்தில் பெரிய பொருளாக வாங்கிக் கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளும் சின்ன அறையில் அதை அவர் எங்கே வைப்பார்?

கதிர் உன்னைச் சமாளிப்பது கஷ்டம் என்றதன் காரணத்தை இப்போது சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இருக்கும் பயணிகள் அவனுக்குப் பழக்கம். அவனைத் தடுமாற வைப்பவர்கள் எதையுமே கேட்காதவர்கள். ஒரு தம்பதி பயணம் முழுவதும் எதற்கும் "வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, கடைசியில் கருத்துப் படிவத்தில் பட்லர் சேவைக்குக் குறைந்த மதிப்பெண் போட்டு, குறிப்பிடும்படி ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டார்களாம். அவர்கள் எழுதியது பொய்யில்லை, ஒன்றும் செய்ய விடவில்லைதான். அந்த மதிப்பெண்ணை மேலாளரிடம் விளக்க அவன் பட்ட பாட்டைக் கேட்டபோது எனக்கு உன் நினைவுதான் வந்தது. உன் கூச்சத்தை நீ இரக்கம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாய், சரோஜா. வேலை செய்ய வந்தவரை வேலை செய்ய விடாமல் திருப்பி அனுப்பினால் அவருக்கு ஓய்வு கிடைப்பதில்லை, கெட்ட பெயர்தான் கிடைக்கிறது.

அதனால் முதல் நாள் அவர் வந்து அறிமுகம் செய்துகொள்ளும்போதே தேவைகளைச் சொல்லிவிடு: காபி எத்தனை மணிக்கு, மாலைத் தட்டில் என்ன வேண்டும், என்ன வேண்டாம், தலையணை எப்படி, எந்த உணவகத்தில் எந்த இரவு. பெட்டியைப் பிரித்துத் துணிகளை அடுக்கித் தரட்டுமா என்று கேட்பார். பிறர் உன் துணிகளைத் தொடுவது பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று தயங்காமல் சொல். அது மட்டும் அவர்களுக்கு உண்மையிலேயே நிம்மதியைத் தரும் மறுப்பு என்று கதிர் சொன்னான்.

அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது வேறு. அந்தப் பட்லர் உங்களுக்கு மட்டும் உரியவரல்லர். பல கப்பல்களில் ஒருவரே பல அறைகளைப் பார்த்துக்கொள்கிறார். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று 2006இல் உருவாகி, 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் ஓய்வு நேரக் கணக்கின்படி கப்பலில் வேலை செய்கிறவருக்கு எந்த 24 மணி நேரத்திலும் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு கிடைக்க வேண்டும். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது, ஒரு துண்டாவது 6 மணி நேரம் இருக்க வேண்டும். விடியற்காலைக் காபியும் இரவுச் சாப்பாடும் ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கும்போது, இரண்டாம் துண்டு பிற்பகலில்தான் விழும். கதிர் நடுப்பகலில் தூங்குவதன் காரணம் இதுதான். அந்நேரத்தில் அண்ணனுக்கு இரண்டாவது தட்டு பிஸ்கட் தேவைப்பட்டால் அறைச் சேவைக்கு அழைக்கட்டும். உணவகத்தில் இடமில்லை என்றால் பட்லர் கேட்டுப் பார்ப்பார், இல்லாத மேசையை உண்டாக்க அவராலும் ஆகாது.

ஒருவேளை நீங்கள் கேட்டும் அவர் சரியாகக் கவனிக்கவில்லை என்றால், மனதுக்குள் வைத்துக்கொண்டு கடைசியில் உறையை மெலிதாக்காதீர்கள். இரண்டாம் நாளே அவரிடம் சொல்லுங்கள். திருந்தாவிட்டால் தலைமை பட்லரிடம் சொல்லுங்கள். நன்றாகக் கவனித்தால் கருத்துப் படிவத்தில் அவர் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதி, இன்ன காரியத்தைச் செய்தார் என்று குறிப்பிடு. நல்ல பணியாளர் என்று பொதுவாக எழுதுவதால் அவருக்குப் பயனில்லை. பதவி உயர்வு பேசும்போது மேலாளர் புரட்டிப் பார்ப்பது அந்தத் தாள்களைத்தான். நீ கொடுக்கும் நோட்டு ஒரு மாதத்தில் செலவாகிவிடும்.

வசந்தியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பழைய புகைப்படங்களைத் திருப்பித் தருவதாக மூன்றாம் முறையாகச் சொல்லியிருக்கிறாள், நான் நம்பவில்லை. கதிர் ஒப்பந்தம் முடிந்து வந்ததும் உன்னைப் பார்க்க அழைத்து வருகிறேன். அப்போது தயவுசெய்து அவனை உட்கார வைத்து நீ பரிமாறு, தட்டை எடுக்க அவன் எழுந்தால் விடாதே. வீட்டுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இந்தக் கடிதத்தை அண்ணனே முழுதும் படிக்கட்டும். சேவைக் கட்டண விஷயத்தில் மறுப்பிருந்தால் அவர் எனக்கு நேரில் எழுதட்டும், நீ நடுவில் தூது போக வேண்டாம்.

அன்புடன்,
பார்வதி