அம்மாவுக்குத் துணை நின்றவர்களுக்கு எங்கள் நன்றி

எங்கள் அம்மாவை, எங்கள் பிள்ளைகளின் பாட்டியை, வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர முடியாமல் போனில் அழுதவர்களுக்கும் குடும்பத்தார் அனைவரின் வணக்கம். ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்த்துச் சொல்ல வேண்டிய நன்றி இது. உடனே எல்லோரிடமும் வர முடியாததால் இப்போதைக்கு இந்த மடல்.

பலருக்கும் அம்மாவைத் தையல்காரம்மாவாகத்தான் தெரியும். அப்பா போன பிறகு அந்தத் தையல் மெஷின்தான் எங்களைப் படிக்க வைத்தது. வளரும் பிள்ளைகளுக்குத் தைப்பதென்றால் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துணி கூடுதலாக விட்டே வெட்டுவார். அடுத்த வருஷம் அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே உடுப்பு இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும். பிரித்துத் தைத்துக் கொடுக்கக் கூலி வாங்க மாட்டார். துக்கம் விசாரிக்க வந்த பெண் ஒருவர், தன் சின்ன வயதுப் பாவாடையைக் கையோடு கொண்டுவந்து விரித்துக் காட்டினார். மற்ற இடமெல்லாம் வெளுத்துப் போயிருக்க, மடிப்புக்குள் இருந்த பட்டையில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் அதை வைத்திருந்த அவருக்கு எப்படி நன்றி சொல்வது!

கண் மங்கிய பிறகு ஊசியில் நூல் கோக்கும் வேலை பேரப்பிள்ளைகளுக்கு வந்தது. ஒன்று இரண்டு போதாது, குண்டூசி மெத்தை நிறையக் கோத்துக் குத்தி வைக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் பாட்டியிடம் எல்லாக் கதையும் பேசுவார்கள். எங்களுக்குத் தெரியாத அவர்களுடைய ரகசியங்கள் பல அவருக்குத் தெரிந்திருந்தன. ஒன்றைக்கூட எங்களிடம் சொன்னதில்லை.

அம்மாவின் இதயம் பலவீனமானபோது, முழுக்கக் குணமாகும் என்று பொய் சொல்லாத மருத்துவருக்கு முதல் நன்றி. அவர் அம்மாவையே பார்த்துப் பேசினார். எங்களைத் தனியே கூப்பிட்டுக் குசுகுசுக்கவில்லை. தினமும் காலையில், சாப்பிடும் முன், எடை பார்த்துக் குறித்து வைக்கச் சொன்னார். மூன்று நாளைக்குள் 2 கிலோவுக்கு மேல் கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள் என்றார். அந்தக் கணக்கைப் பேரன் காலண்டரில் எழுதி வந்தான். எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் மாத்திரையை மாற்றியே சமாளிக்க முடிந்தது அதனால்தான்.

அப்புறம், வீட்டுக்கே வந்து பார்த்த, நோயாளியின் வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புப் பிரிவின் செவிலியர். மார்ஃபின் என்ற கடுமையான வலி மருந்தின் பெயரைக் கேட்டதும் எங்களுக்கு நடுக்கம். மருத்துவர் சொன்ன குறைந்த அளவில் கொடுத்தால் மூச்சுத்திணறும் அந்த உணர்வு தணியும் என்று பொறுமையாக விளக்கினார். ஒரு சின்ன விசிறியை முகத்துக்கு நேராகப் பிடிக்கவும் சொல்லித் தந்தார். கன்னத்தில் குளிர்ந்த காற்றுப் பட்டாலே திணறல் ஓரளவு குறையும் என்பதை அன்றுதான் அறிந்தோம். அம்மா சாப்பாட்டை ஒதுக்கியபோது நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தோம். "உடம்பு கேட்கவில்லை, வற்புறுத்த வேண்டாம், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள்" என்றார். கடைசியில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தபோது, அது கேட்பவர்களுக்குத்தான் வேதனை, அவருக்கு அனேகமாகத் தெரியாது என்று சொல்லி ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தங்கச்சி அந்த அறையை விட்டு ஓடாமல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த ஒரு வார்த்தையால்தான்.

இரவுக் காவலைப் பகிர்ந்துகொண்ட பக்கத்து வீட்டு அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். எழுதத்தான் செய்வேன். எங்களைத் தூங்க அனுப்பிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்தார். அம்மாவின் முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை.

கண் தானம் அம்மாவின் விருப்பம். புரை அறுவை செய்த கண்ணை யார் எடுப்பார்கள் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு இருந்தது. புரை லென்ஸில் வருவது, தானமாகப் பெறுவது அதற்கு முன்னால் கண்ணாடி போல இருக்கும் கருவிழியை, அதனால் தடையில்லை என்று கண் வங்கியில் சொன்னதும் தெளிந்தார். பேத்தி ஒருநாள் அவருக்கு 1905-ல் நடந்த கதையைப் படித்துச் சொன்னாள். எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர், சுண்ணாம்பு பட்டுப் பார்வை போன ஒரு தொழிலாளிக்கு, காயத்தால் கண்ணை இழந்த 11 வயதுச் சிறுவனின் கருவிழியைப் பொருத்தினார். அதுதான் முதல் வெற்றி. தொழிலாளிக்குப் பார்வை திரும்பியதைக் கேட்டுவிட்டு அம்மா, "அந்தப் பையனோட அம்மா எப்படித் தாங்கினாளோ" என்றார்.

மூச்சு நின்றதும் 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைக்க வேண்டும், தலையைச் சற்று உயர்த்த வேண்டும், கண் உலர்ந்துவிடாமல் மின்விசிறியை நிறுத்த வேண்டும். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்திருந்தும் கை வரவில்லை. கடைசிப் பேரன்தான் எழுந்து போய் விசிறியை நிறுத்தினான். நள்ளிரவில் கூப்பிட்ட உடனே வந்து, அரை மணிக்குள் வேலையை முடித்து, முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாமல் அம்மாவைத் திருப்பித் தந்த கண் வங்கிக் குழுவினருக்குக் கைகூப்புகிறோம். கிளம்பும் முன் அவர்கள் அம்மாவின் காலடியில் நின்று வணங்கினார்கள். யாருக்குப் பொருத்துவார்கள் என்று எங்களிடம் சொல்ல மாட்டார்கள். அதை நாங்கள் கேட்கவும் இல்லை.

ஒரு தகவல். அம்மாவுக்காக வாங்கிய காற்று மெத்தையும் சாய்வுக் கட்டிலும் நல்ல நிலையில் இருக்கின்றன. யார் வீட்டிலாவது தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். எடுத்து வந்து பொருத்தித் தருவது எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்