பின்னால் நின்று விளக்குப் பார்ப்பது யார்?

நாமக்கல்
கார்த்திகை 3

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீ அனுப்பிய படங்கள் மூன்றும் வந்து சேர்ந்தன. முதல் படத்தைப் பார்த்துவிட்டு உன் அம்மா, பிள்ளை இளைத்துவிட்டாள் என்றாள். நான் மூன்றாவது படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டு வண்டிக்குப் பின்னால், காரின் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி இழுக்கிற அந்தச் சின்ன டாலியின் மேல் கார் ஏறி நிற்கிற படம்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்க டயரைக் கட்டியிருக்கிற பட்டையின் மிச்ச நுனி தொங்குகிறது. அதைச் சுருட்டிக் கட்டு. காற்றில் அடித்து அடித்து நூல் பிரிந்துவிடும், இல்லையென்றால் டாலியின் சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொள்ளும். டாலியை வீட்டு வண்டியோடு பிணைக்கிற சங்கிலிகள் இரண்டும் நேராகப் போகின்றன. குறுக்காக அல்லவா மாட்ட வேண்டும்? இடது சங்கிலி வலது வளையத்துக்கு, வலது சங்கிலி இடது வளையத்துக்கு. வண்டியின் பின்னால் இருக்கிற கொக்கிக் குண்டிலிருந்து டாலி கழன்றாலும் அதன் மூக்கு தார் ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். இதை நான் உனக்குச் சொல்லித் தரவில்லை. போன வருடம் நாங்கள் அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது நீதான் மண்டியிட்டு உட்கார்ந்து எனக்குக் காட்டினாய். அதனால்தான் கேட்கிறேன். தெரிந்த கை ஏன் இப்படி மாட்டியது? அவசரமா, அசதியா?

இன்னொன்று. விளக்குப் பார்ப்பது யார்? ஒருவர் பிரேக்கை மிதிக்க வேண்டும், ஒருவர் பின்னால் நின்று இடது எரிகிறது, வலது எரிகிறது என்று சொல்ல வேண்டும். படத்தில் மடக்கு நாற்காலி ஒன்றுதான் வெளியே இருக்கிறது. மற்றொன்று உள்ளே இருக்கும்.

இங்கே மழை பரவாயில்லை. உன் சித்தப்பா போட்ட ஆழ்குழாயில் நானூறு அடியில் தண்ணீர் வந்திருக்கிறது. அதை விடு. நீ அடுத்த வாரம் ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து ஃபீனிக்ஸுக்கு இறங்கப் போவதாக எழுதியிருந்தாய். புது ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, பதின்மூன்று வாரம், குளிர்காலம் முழுக்க அங்கேதான் என்றாய். நல்லது. ஆனால் அந்த 17-ஆம் நம்பர் சாலையை நான் மறக்கவில்லை. ஃபிளாக்ஸ்டாஃப் ஏறக்குறைய 7,000 அடி உயரம், ஃபீனிக்ஸ் 1,100 அடி. அந்த இறக்கம் முழுவதையும் ஒரே நாளில் இறங்குகிறாய். கேம்ப் வெர்டே வருவதற்கு முன்னால் மஞ்சள் பலகையில் லாரி படம் போட்டு, இறக்கம் 6 சதவீதம் என்று எழுதியிருக்கும். பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் சரளைக்கல் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதை நீ காட்டினாய். அன்று நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பூர் ஞாபகம் வந்துவிட்டது.

இறங்கும்போது டோ ஹால் பொத்தானைப் போட்டுக்கொள். அது தானே கியரைக் குறைத்து இன்ஜினைக் கொண்டு வண்டியைப் பிடிக்கும். ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று எனக்கு முதன்முதலில் ஸ்டியரிங்கைக் கொடுத்தவர் சொன்னார். காலை பிரேக்கின் மேலேயே வைத்திருக்காதே. ஒரு முறை நன்றாக மிதித்து வேகத்தைக் குறை, பிறகு காலை எடுத்துவிடு. உன் டாலியின் பிரேக் வேறு வகை. முன் வண்டி வேகம் குறைந்ததும் டாலி வந்து முட்டும், அந்த முட்டலின் அழுத்தத்தில்தான் அதன் பிரேக் பிடிக்கும். சரி. ஆனால் நீளமான இறக்கத்தில் அது முட்டிக்கொண்டே வரும், அதனால் பிரேக்கும் பிடித்துக்கொண்டே வரும். சூடாகும். ஆகவே பாதியில் ஒதுங்கி நிறுத்து. பின்னங்கையைச் சக்கரத்தின் நடுக்குடத்துக்கு அருகே கொண்டுபோ. தொட வேண்டாம், அருகே வைத்தாலே தெரியும். ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறுபக்கம் கொதிப்பு என்றால் பேரிங்கோ பிரேக்கோ கேடு. கிரீஸ் எப்போது வைத்தாய்?

டாலியின் டயர் சின்னது. அது வெடித்தாலும் முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிற உனக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய வண்டிக்கு அது ஒரு உறுத்தலே இல்லை. கண்ணாடியில் புகையைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால் புறப்பட்டு நாலைந்து மைலிலேயே ஒரு முறை நிறுத்திப் பட்டையை இறுக்கு. புதிதாகக் கட்டிய பட்டை கொஞ்ச தூரம் ஓடியதும் தளரும். பிறகு எண்ணெய் போட நிறுத்தும்போதெல்லாம் ஒரு சுற்று சுற்றி வா. காரின் கை பிரேக்கை எடுத்துவிட்டாயா என்று பார். பின் சக்கரம் இரண்டும் தரையில் உருள வேண்டியவை. கலிஃபோர்னியாவில் இழுவை வண்டிக்கு 55 மைல்தான் என்று நீயே சொன்னாய். அரிசோனா பலகையில் 75 என்று போட்டிருந்தாலும் நீ 55-லேயே போ. பின்னால் வருகிறவன் முந்திக்கொண்டு போகட்டும்.

சுபாரு வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. நல்ல வண்டிதான், பனிக்கு ஏற்றதுதான். ஆனால் நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள காரை டாலியில் ஏற்றக் கூடாது. முன் சக்கரங்கள் கட்டுண்டு கிடக்க, பின் சக்கரங்கள் மட்டும் சுற்றினால் நடுவில் இரண்டையும் இணைக்கிற இடம் வெந்துபோகும். அதற்கு நாலு சக்கரமும் மேலே ஏறுகிற டிரெய்லர் வேண்டும். அதன் எடை வேறு, அதைக் கழற்றுகிற வேலை வேறு. ஒற்றை ஆளாக — அதாவது, யாராக இருந்தாலும் சிரமம். முன் சக்கர இழுவை உள்ள கொரோலா உனக்குப் போதும். கார் 2,900 பவுண்டு, டாலி 600 பவுண்டு என்று வைத்தாலும் 3,500. உன் கொக்கி தாங்குவது 5,000. காருக்குள் சாமான் அடைத்து அந்த இடைவெளியைத் தின்றுவிடாதே. வீட்டுச் சாமான் இப்போது குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஐம்பது அடி நீளத்தை என் மகள் ஓட்டுகிறாள் என்று இங்கே லாரி ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்கிறேன். நர்ஸ் வேலையும் பார்க்கிறாள், வீட்டையும் ஓட்டுகிறாள், அந்த வீடு காரையும் இழுக்கிறது என்கிறேன். நாமக்கல்லில் டிரெய்லர் ஓட்டியவர்களே நம்ப மறுக்கிறார்கள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னதில்லை.

கேலப் ஊர் பெட்ரோல் பங்கில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உள்ளே நுழைந்த பிறகுதான் மறுபக்கம் வழி இல்லை என்று தெரிந்தது. டிரெய்லருக்கு ஒரு மூட்டு, அதைப் பழகியவன் பின்னால் எடுத்துவிடுவான். உன் டாலிக்குக் குண்டில் ஒரு மூட்டு, மேல் தட்டில் ஒரு மூட்டு. பத்தடி பின்னால் வந்தாலே மடங்கிக்கொள்ளும். கழற்றித்தான் ஆக வேண்டும். இருட்டு, குளிர், பின்னால் இரண்டு கார்கள் ஹாரன் அடிக்கின்றன. மாப்பிள்ளை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நீதான் இறங்கிப் பட்டையை அவிழ்த்தாய், காரை இறக்கினாய், டாலியைக் கையால் தள்ளினாய். கையுறையைக் காணவில்லை என்று வெறுங்கையாலேயே பட்டையை இறுக்கும் ராட்செட்டைப் பிடித்தாய். இடது உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. நான் டார்ச் பிடித்தேன். உன்னைப் பார்த்து, நுழையும் முன் பார்க்க வேண்டாமா என்று கத்தினேன். கத்த வேண்டிய ஆள் நீ இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். மாப்பிள்ளை, சம்பந்தி, மரியாதை என்று வாயை மூடிக்கொண்டு, ஏமாந்தவள் மேல் ஏறி விழுந்தேன்.

இதை எழுதத்தான் உட்கார்ந்தேனா என்று தெரியவில்லை. எழுத ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. உன் காதுகுத்துப் படத்தில் அப்பாவை ஏன் காணோம் என்று சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். வண்டி ரிப்பேர் என்று அம்மா சொல்வாள். டீக்கடை மாமா தூக்கத்தில் வண்டியை விட்டதால்தான் அவருக்குக் கால் போயிற்று என்றும் நம் வீட்டில் சொல்வார்கள். அப்படிச் சொன்னது நான்.

1996, தை மாதம். கடன் வாங்கி எடுத்த இரண்டாவது வண்டி கிருஷ்ணகிரியில் இன்ஜின் போய் நின்றுவிட்டது. அதன் டிரைவர் காய்ச்சல் என்று ஊருக்குப் போய்விட்டார். கட்டி இழுக்க இரும்புக் கம்பி காலையில் வரும், இருங்கள் என்றார் மெக்கானிக். விடிந்தால் உனக்குக் காதுகுத்து. நான் இருக்கவில்லை. சங்கிலியைப் போட்டுக் கட்டினேன். பின் வண்டியில் கிளீனரை உட்கார வைத்தேன். அவனுக்குப் பத்தொன்பது வயது, லைசென்ஸ் கிடையாது. இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் நிற்காது என்பது எனக்குத் தெரியும். சங்கிலி இழுக்கத்தான் செய்யும், இறக்கத்தில் பின் வண்டியைப் பிடித்து நிறுத்தாது என்பதும் தெரியும். கம்பி என்றால் இரண்டு வண்டிக்கும் நடுவில் விறைப்பாக நின்று தாங்கியிருக்கும்.

ஹாரனை இரண்டு முறை அடித்தால் நிறுத்த வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம். தொப்பூர் இறக்கம் தொடங்குவதற்கு முன்னால் அவன் அடித்தான். கேட்டது கண்ணு. தெளிவாகக் கேட்டது. இறங்கிய பிறகு நிறுத்திக்கொள்ளலாம், மணி இரண்டாகிவிட்டதே என்று போனேன். வளைவில் ஒரு வண்டி குறுக்கே வந்தது, நான் பிரேக்கை மிதித்தேன். அவனால் மிதிக்க முடியவில்லை. என் வண்டியில் மோதக் கூடாதென்று இடது பக்கம் ஒடித்துப் பாறையில் போய் ஏறினான்.

போலீஸ் கேட்டபோது பையன் தூங்கிவிட்டான் என்றேன். ஆஸ்பத்திரியில் அவன் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அவன் ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை. டீக்கடை வைக்கப் பணம் கொடுத்தேன், ஊரெல்லாம் என்னைப் பெரிய மனுஷன் என்றது. நேற்று அந்தக் கடைக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். சர்க்கரை இல்லாமல்தானே அண்ணா என்று டம்ளரை ஆற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நாளைக்கும் போவேன்.

பின்னால் இருக்கிறவன் ஹாரன் அடித்தால் நிறுத்த வேண்டும். நீ அடிக்கிறாயோ, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று இந்த மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது வேலை, வெயில், வண்டி என்று மூன்றையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். வாயைத் திறக்காத வீட்டில் வளர்ந்தவள், வேறு எப்படிப் பேசுவாய்? உன்னைக் குறை சொல்லவில்லை. அம்மா கேட்டால் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

விளக்குக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கட்டையை எடுத்து, ஒரு முனையை பிரேக் மிதியிலும் மறு முனையை சீட்டின் முன் விளிம்பிலும் முட்டுக்கொடு. மிதி அமுங்கியே இருக்கும். நீ இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கட்டையை எடுத்துவிடு. எடுக்க மறக்காதே. சிக்னல் விளக்குக்கு செல்போனைப் பின்னால் தரையில் சாய்த்து வைத்து வீடியோ எடு. நான் தனியாக ஓட்டிய காலத்தில் கட்டைதான் எனக்கு ஆள். வேப்பங்கட்டை, ஒரு முனையில் பழைய டியூப்பைச் சுற்றி ஆணி அடித்திருப்பேன், வழுக்காது.

உன் வண்டியில் மிதிக்கும் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு என்று அளந்து எழுது. மிதியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு அள. கொல்லையில் வெட்டிய வேம்பு காய்ந்து கிடக்கிறது, அறுத்து வைக்கிறேன். எங்கள் விசா பத்து வருடத்துக்கு இருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவள் வரமாட்டாள். நான் வருவேன். பின்னால் நின்று விளக்குப் பார்ப்பேன், ஹாரன் அடித்தால் கேட்டுக்கொள்வேன், வேறு எதுவும் கேட்க மாட்டேன்.

சங்கிலியைக் குறுக்காக மாட்டு.

இப்படிக்கு,
அப்பா