எந்த பிரேக், பாப்பா?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டி வலி அப்படியே இருக்கிறது, கூடவும் இல்லை குறையவும் இல்லை. மாடிப்படி விளக்கை ஒருவழியாக மாற்றிவிட்டேன். செய்தி இவ்வளவுதான். அடுத்து விஷயத்துக்கு வரவேண்டும், வரத் தெரியாமல் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தாயே, அந்தத் தடியன்.

"டேக்கிங் எ பிரேக் அப்பா. வில் கால்." நீ இதை அனுப்பி இன்றோடு 11 நாள். ஆறே ஆறு சொல். அதில் ஐந்து எனக்கு நன்றாகப் புரிகிறது. 'வில் கால்' என்றால் கூப்பிடுவாய் என்று அர்த்தம், எப்போது என்று அதில் இல்லை, சரி, விடு. மிச்சம் இருக்கிற ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அம்மா சொல்கிறாள், "அவளா சொல்றப்போ சொல்லட்டும், நீங்க நோண்டாதீங்க" என்று. நான் நோண்டவில்லை, அகராதி பார்க்கிறேன். அதை யாரும் குற்றம் சொல்ல முடியாது, இல்லையா? மாப்பிள்ளைக்கு மட்டும் இரண்டு முறை அடித்தேன், அவர் எடுக்கவில்லை, வேலையாக இருப்பார். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

இந்த ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 1884இல் முதல் பகுதியை வெளியிட்டு, 'ஏ', 'பி' இரண்டு எழுத்தையும் முடித்து முதல் தொகுதியைக் கொண்டுவருவதற்குள் 1888 ஆகிவிட்டது, மொத்த வேலையும் முடிந்தது 1928இல். 'பி' எழுத்தில் பிரேக் மாதிரி சொற்கள் இருந்தால் ஏன் ஆகாது? என்னிடம் இருப்பது அதன் சின்னத் தம்பிதான், அதிலேயே இந்தச் சொல்லுக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லை மட்டும்தான் பார்த்தேன், வினைச்சொல் பக்கம் போகவே இல்லை, அது பெரிய காடு.

முதலில் உடைவு. அப்புறம் விரிசல், இடைவெளி, ஓய்வு. சிறையிலிருந்து தப்பி ஓடுவதும் பிரேக்தான், இதில் கொஞ்ச நேரம் கண் நின்றுவிட்டது. வரிச்சலுகையும் பிரேக். சினிமாக்காரர்கள் "ஒரு பிரேக் கிடைச்சா போதும் சார்" என்று சொல்கிறார்களே, அந்த அதிர்ஷ்டமும் அதுதான். நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது. ஒருவேளை உனக்குப் பெரிய பதவி ஏதாவது வந்து, வேலையில் மூழ்கி, அதனால் பேசவில்லையோ? ஆனால் அந்த பிரேக் கிடைக்கிற பிரேக், 'டேக்கிங்' அதோடு சேராது. நானே நாற்பது வருஷம் ஆங்கிலக் கடிதம் எழுதிப் பிழைத்தவன், இது எனக்குத் தெரியாதா என்ன.

ஸ்னூக்கர் பிரேக் ஒன்றுதான் எனக்குப் பிடித்திருந்தது, மேஜைமேல் கோலால் பந்தைத் தட்டிக் குழியில் போடுகிற ஆட்டம். நீ பள்ளியில் படிக்கும்போது ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாயே, "யாருமே பேச மாட்டேங்கிறாங்க, நல்லா இருக்குப்பா" என்பாய். அதில் ஒருவர் தவறவிடாமல் தொடர்ந்து அடித்துச் சேர்க்கிற புள்ளிகளுக்குத்தான் பிரேக் என்று பெயர். 15 சிவப்பு, ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னாலும் ஒரு கறுப்பு, கடைசியில் வரிசையாக ஆறு வண்ணப் பந்து, ஆக 36 முறை கை பிசகாமல் போட்டால் 147. ஒரு பந்து தவறினால் போச்சு, பிரேக் முடிந்தது என்பார்கள். யோசித்துப் பார், உடையாமல் போய்க்கொண்டே இருப்பதற்குப் பெயர் உடைவு! இந்த ஊமை விளையாட்டில் மட்டும் அந்தச் சொல் தலைகீழாக நிற்கிறது. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். மறுநாள் காலை விழித்ததும் டென்னிஸ் ஞாபகம் வந்தது. எதிராளி சர்வீஸ் போடுகிற ஆட்டத்தைப் பறிப்பதற்கு பிரேக் என்று பெயர், அதை வாங்கியவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. மறுபடி பழைய கதி.

கிரிக்கெட்டின் லெக் பிரேக் உனக்கே தெரியும், நேராக வந்த பந்து தரையில் பட்டதும் வேறு பக்கம் திரும்புவது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பிரேக் டான்ஸ் விஷயம் தெரியுமா? நான் இத்தனை நாள் உடம்பை உடைத்து உடைத்து ஆடுவதால் அந்தப் பெயர் என்று நினைத்திருந்தேன். இல்லையாம். பாட்டு நடுவில் பாடுகிறவர் நிறுத்தி, மற்றக் கருவிகளும் அடங்கி, தாளம் மட்டும் தனியாக ஓடுகிற துண்டுக்கு பிரேக் என்று பெயர். நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதியில் 1973 வாக்கில் டிஜே கூல் ஹெர்க் என்று ஒருவர், ஆடுகிறவர்கள் எல்லாம் அந்தத் துண்டுக்காகவே காத்திருப்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டில் இரண்டை வாங்கி மாற்றி மாற்றிப் போட்டு அந்தத் துண்டை நீட்டிக்கொண்டே போனாராம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் அந்த ஆட்டம் போய்விட்டது. அம்மாவிடம் போய், "பாட்டு நின்ன பிறகுதான் ஆட்டமே ஆரம்பிக்குதாம்" என்றேன். "நீங்க முதல்ல நிறுத்துங்க" என்றாள்.

உனக்கு ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், வண்டியின் பிரேக்கைப் பார்த்துவிடு. போன முறை நீ வந்தபோதே கிறீச்சென்றது. இது வேறு பிரேக், எழுத்து வேறு, நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. ஆனால் அந்த பிரேக்கும் நிம்மதியான சொல் இல்லை. ஆளிச் செடியின் தண்டை நொறுக்கி நார் எடுக்கிற கருவிக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர். நிறுத்துகிற சொல்லிலும் ஒரு நொறுக்கல் ஒளிந்திருக்கிறது. சரி, நீ வண்டியைப் பார்.

நீ தமிழில் எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டம் இல்லை. 'எடுத்துக்கிறேன்' என்றால் நீ மட்டும், 'எடுத்துக்கிறோம்' என்றால் இரண்டு பேரும். வாலைப் பார்த்தால் ஆளைச் சொல்லிவிடலாம். 'டேக்கிங்' என்று வாலில்லாமல் அனுப்பியிருக்கிறாய். சொல்லும் நமக்குப் பிரிந்துதான் இருக்கிறது. இடைவேளை என்றால் மீதிப் படம் உண்டு. முறிவு என்றால், அதை இங்கே எழுத எனக்கு வரவில்லை. ஆனால் முறிப்பதெல்லாம் கெட்டது என்றும் இல்லை பார், சோம்பலை முறிக்கிறோம், விஷத்துக்கு மருந்து நச்சுமுறி. நான் ஒன்றும் அந்தக் காலத்து ஆள் மாதிரி எல்லாவற்றையும் பொறுத்துப்போ என்று சொல்ல வரவில்லை. பொறுத்துப்போகவேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ எதையும் யோசிக்காமல் செய்கிறவள் இல்லை. எட்டு வயதில் எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்புக் எழுதத் தெரிந்த பெண். உன் கீழே இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று நான் யாரிடம்தான் சொல்லாமல் விட்டேன்? அப்படிப்பட்டவள் பெற்ற அப்பனுக்கு ஆறு சொல் அனுப்பிவிட்டு 11 நாள் வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம்? இந்த ஊமைத்தனம் யாரிடமிருந்து வந்தது என்று நேற்று ராத்திரி யோசித்தேன். ரொம்ப நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

உன் கை உடைந்த கதை இருக்கிறதே, சிவப்பு சைக்கிள். பிரேக் பிடிக்காமல் பிரேக் ஆன கதை என்று எத்தனை விசேஷத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறோம், முதலில் சிரிப்பது நான்தான். அன்றைக்கு டாக்டரிடம் நான், "உடைஞ்சிருக்கா, இல்ல வெறும் ஃபிராக்சர்தானா டாக்டர்" என்று கேட்டேன். இரண்டும் ஒன்றுதான் சார் என்றார். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும், சீக்கிரம் கூடிவிடும் என்றார். கூடிவிட்டது. அந்தக் கதையில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

பாட்டிக்கு உடம்பு சரியில்லை, அம்மா பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாள் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். பாட்டி நன்றாகத்தான் இருந்தார். பெரியப்பாவுக்கு அந்தக் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அம்மா சொன்னாள், அவள் சொன்னதுதான் சரி என்று பிற்பாடு எல்லோருக்கும் தெரிந்துபோனது, ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ரோஷத்தில் 19 நாள் அவளோடு பேசவில்லை. ஒரே வீட்டில். கத்தியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்திவிட்டு இருந்திருப்பாள். பேசாததைத் தாங்க முடியாமல்தான் பெட்டியை எடுத்தாள். போகும்போதும் வாசலில் நின்று, "பாப்பா சைக்கிள் பிரேக்கை மட்டும் பார்த்துடுங்க" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. நீயும் இரண்டு முறை சொன்னாய், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. தினமும் போன் பக்கத்தில் போய் நிற்பேன், எடுக்க மாட்டேன், அவளே அடிக்கட்டும் என்று. ஐந்தாவது வாரம் நீ விழுந்தாய். அன்றைக்குத்தான் அடித்தேன். "பாப்பாவுக்குக் கை உடைஞ்சிருச்சு" என்றேன், அவ்வளவுதான், மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. ராத்திரிக்குள் வந்துவிட்டாள்.

கட்டுப் போட்ட கையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "பாட்டிக்கு சரியாயிடுச்சா" என்று நீ கேட்டாய். அவள் என்னைப் பார்த்தாள். ஆயிடுச்சு என்றாள்.

அவள் வந்தது உன் கை உடைந்ததால். நான் கூப்பிட்டதால் இல்லை. நான் இன்றுவரைக்கும் கூப்பிடவே இல்லை. இத்தனை வருஷமாக ஒன்றாகத்தான் இருக்கிறோம், நன்றாகத்தான் இருக்கிறோம், அந்த ஐந்து வாரத்தைப் பற்றி ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அவள் எப்போதாவது எடுக்கப் பார்ப்பாள், நான் எழுந்து போய் எதையாவது ரிப்பேர் பண்ண ஆரம்பித்துவிடுவேன். மாடிப்படி விளக்கு அப்படித்தான் மாறியது, போன செவ்வாய்க்கிழமை, உன் பேச்சு எடுத்தாள்.

மாப்பிள்ளை பேசாத ஆளா, நீ பேசாத ஆளா, இரண்டு பேரும் களைத்துப்போய் வெறுமனே லீவு போட்டிருக்கிறீர்களா, நான் கேட்கவில்லை. தனியாக இருந்தால் கதவை உள்பக்கம் பூட்டிக்கொள். இரண்டு பேராக இருந்தாலும் பூட்டிக்கொள். நேரத்துக்குத் தூங்கு. வண்டியை நாளைக்கே கொண்டுபோய் விடு, நீயே ஓட்டிக்கொண்டு போகாதே, ஆளை வரச்சொல்.

முன்பு வாலைப் பார்த்தால் போதும் என்றேன், அதுவும் தப்பு. 'எடுத்துக்கிறோம்' என்று எழுதினாலும் எனக்கு விளங்கியிருக்காது, இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பதிலும் இரண்டு வகை இருக்கிறது. எதிலிருந்து என்பதுதான் கேள்வி. வேலை, ஊர், அலைச்சல் என்றால் 'இலிருந்து', மனுஷர் என்றால் 'இடமிருந்து'. நீ பெரிதாக ஒன்றும் விளக்கவேண்டாம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் டைப் பண்ணி அனுப்பு. இரண்டாவதை அனுப்பினால் நான் போன் செய்ய மாட்டேன், அறிவுரை எழுத மாட்டேன், அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பி வருகிறேன், வந்து வண்டி பிரேக்கைப் பார்க்கிறேன்.

அப்பா