ஷாங்காய் 1932: விடுபட்ட ஐந்து வாரங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்,

சீன - ஜப்பான் போர் குறித்த ஞாயிறு கட்டுரை 1931இல் ஜப்பான் சீனாவின் மஞ்சூரியாவுக்குள் புகுந்ததிலிருந்து நேராக 1937 முழுப் போருக்குத் தாவிவிட்டது. இடையே ஷாங்காயில் நடந்த சண்டையை விட்டது பெரிய குறை.

1932 ஜனவரி 28 நள்ளிரவையொட்டி, ஜப்பானியக் கடற்படையின் தரையிறங்கு வீரர்கள் ஜாபெய் பகுதிக்குள் நுழைந்தார்கள். எதிரே நின்றது சீனத் தளபதி சாய் டிங்காயின் 19ஆவது வழிப்படை. தெற்கே குவாங்டோங்கிலிருந்து வந்த அவர்களிடம் கடுங்குளிருக்கேற்ற உடுப்புகூட இல்லை. நகரத்து மக்கள்தான் பஞ்சு வைத்துத் தைத்த அங்கிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். குண்டுவீச்சில் ஜாபெய் எரிந்தது. கமர்ஷியல் பிரஸ் என்ற பதிப்பகத்தின் அச்சகமும் அதன் பெரிய நூலகமும் சாம்பலானதை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

எளிதில் முடியும் என்று இறங்கிய ஜப்பான், 24ஆவது கலப்புப் படைப்பிரிவு, 9ஆவது டிவிஷன், கடைசியில் 11ஆவது டிவிஷன் என்று மேலும் மேலும் ஆள் இறக்க வேண்டியதாயிற்று. தளபதியையும் மூன்று முறை மாற்றியது. சீனத் தரப்பில் துணைக்கு வந்தது ஜாங் ஜிஜோங்கின் 5ஆவது படை மட்டுமே. சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கின் தேர்ந்த 87, 88ஆவது டிவிஷன்கள் அதில் இருந்தபோதிலும், அவை 19ஆவது வழிப்படையின் பெயரிலேயே போரிட்டன. மார்ச் 1இல் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள லியூஹே அருகே ஜப்பானியர் சீனப் படையின் பின்புறமாகத் தரையிறங்கிய பிறகுதான் சீனர்கள் பின்வாங்கினார்கள். இதைத் தோல்வி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநியாயம்.

இரு தரப்புப் படை அணிவகுப்பையும் வரைபடத்தோடு வெளியிட வேண்டுகிறேன்.

- ஒரு வாசகர், தஞ்சாவூர்