சேகர கமிட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்: மிஷனெரிகள் ஊர் திரும்பும்போது

திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலங்களில், பல ஊர்ச் சபைகள் சேர்ந்த சேகரங்களின் குருமார்களுக்கும் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் தோத்திரம்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பக்கம் ஆள் அனுப்பிய காலம் முதல் அனுப்புவது நமக்குக் கைவந்த வேலை. பிரதிஷ்டை ஆராதனை, மாலை, அசனம் எதிலும் குறை வைப்பதில்லை. நேபாளத்திலோ ஆப்பிரிக்காவிலோ பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்த குடும்பம் பெட்டியோடு வந்து இறங்கினால் மட்டும், ஒரு ஞாயிறு பிரசங்கத்தோடு கைகழுவிவிடுகிறோம்.

முதலில் பணம். பணித்தளத்தை விட்ட மாதத்தோடு படி, அதாவது மாதச் செலவுக்கான பணம், நின்றுவிடுகிறது. "அதான் வந்துட்டாங்களே" என்று தாங்குகிறவர்களும் காணிக்கையை வேறொருவருக்கு மாற்றிவிடுகிறார்கள். செலவு கூடுவதோ அப்போதுதான்: வீட்டு அட்வான்ஸ், பாத்திரம் பண்டம், கேஸ் இணைப்பு, பள்ளிக் கட்டணம், எல்லாம் ஒரே மாதத்தில். முதல் மூன்று மாதம் முழுப் படியும் அடுத்த மூன்று மாதம் பாதியும் கொடுங்கள். அவர்கள் திரும்பி வருகிற வருஷத்தில் அந்தத் தொகையைத் தேடி அலையாமல், அனுப்புகிற வருஷமே தனிக் கணக்கு தொடங்கி மாதாமாதம் போட்டு வையுங்கள். சபை வீடு ஒன்று காலியாக இருந்தால் நல்லது. மோட்டார் ஓடுகிறதா, கரன்ட் பில் பாக்கி உண்டா என்று முந்தின வாரமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுங்கள் என்று அழைப்பது நம் வழக்கம். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு அது தோதுப்படாது. பள்ளி திறப்பது ஜூனில். ஏப்ரலில் வந்தால் ஊரும் பழகும், இடமும் கிடைக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் தமிழ். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் இங்கே கட்டாயப் பாடம். வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுகிற பிள்ளைக்கும் 'ழ', 'ள' எழுத வராது. ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் அடுத்த வருஷமே பொதுத்தேர்வு. திரும்புவதற்கு ஆறு மாதம் முன்பே, ஞாயிறு பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம், வீடியோ காலில் எழுத்து சொல்லிக்கொடுக்கட்டும். மிஷனெரி பிள்ளைக்கு வேதபாடப் பரிசு கொடுத்துக் கைதட்டுவதைவிட இது உபயோகம். மாற்றுச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் அங்கிருந்து கிளம்புமுன் கையில் இருக்க வேண்டும். பிறகு தபாலில் வரவழைப்பது பெரும்பாடு.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தார் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டெங்கு, டைபாய்டு என்றே தொடங்குவார்கள். பால்சிபாரம் மலேரியா நாள் கடந்தால் உயிருக்கே ஆபத்து. வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை மலேரியா கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும்.

வந்த முதல் ஞாயிறு அவர்களைப் பிரசங்க பீடத்தில் ஏற்றாதீர்கள். குடும்பமாக ஜனங்களோடு உட்காரட்டும். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது நடந்ததைச் சபைக்குச் சொன்னார்கள். அதோடு, அங்கே நெடுநாள் தங்கவும் செய்தார்கள் என்கிறது அப்போஸ்தலர் 14. அந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். ஊர் திரும்பியவர்களின் பேச்சைக் கேட்க இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பொருளாளரும் பெரிய ஆதரவாளர்களும் வேண்டாம். படி கொடுக்கிறவரிடம் யாரும் தோல்வியைச் சொல்ல மாட்டார்கள். "எத்தனை ஞானஸ்நானம்?" என்ற கேள்வி அந்த அறைக்குள் வரக் கூடாது. சக ஊழியரோடு வந்த மனஸ்தாபம், பாதியில் நின்ற வேலை, மனைவியின் தூக்கமின்மை எல்லாம் இரண்டாம் மூன்றாம் சந்திப்பில்தான் வெளியே வரும்.

படங்கள் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதம் மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கே ஒருவர் ஆசையாக ஸ்டேட்டஸில் போடும் ஞானஸ்நானப் படம் அங்கே ஒரு குடும்பத்தைப் போலீஸ் நிலையத்தில் நிறுத்தும். ஆலயத் திரையில் காட்டுமுன் எந்தப் படம் காட்டலாம் என்று மிஷனெரியிடமே கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுகூட வேண்டாம்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் எழுதப்பட வேண்டும்: ஆறு மாதப் படிக்கான தனிக் கணக்கு, பேச்சைக் கேட்கும் இருவரின் பெயர், தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரின் பெயர்.

இப்படிக்கு,
ஊர் திரும்பும் மிஷனெரிக் குடும்பங்களுக்கு உதவிவருகிறவர்கள்